சென்னை வெயிலில் கடலின் பங்கை அறிவது எப்படி?

சென்னையும் வேலூரும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 13 பாகையை ஒட்டி அமைந்தவை. ஆயினும் மே மாதப் பகலில் வேலூர் பெரும்பாலும் கூடுதலாகத் தகிப்பதற்கும், ஜனவரி இரவில் கூடுதலாகக் குளிர்வதற்கும் கடலிலிருந்து அது விலகியிருப்பதே முதன்மைக் காரணம். ஒரே எடையுள்ள உலர்ந்த மண்ணைவிட நீரைச் சூடாக்க ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பம் தேவைப்படுவதால், நண்பகலில் தரை கொதிக்கும்போதும் கடல் அவ்வளவாகச் சூடேறுவதில்லை. தரைமேல் சூடான காற்று எழும்ப, கடல்மேல் உள்ள குளிர்ந்த காற்று கரைக்குள் நுழைகிறது.

இதைக் கவனிக்க மே, ஜூன் மாதங்களே ஏற்றவை. சென்னை விமான நிலையம் அரைமணிக்கொரு முறை வெளியிடும், விமானங்களுக்கான வானிலைக் குறிப்பான மெட்டார் அறிக்கையை இணையத்தில் திறந்து, காலை பத்து மணி முதல் குறித்து வாருங்கள். அதிலுள்ள நேரம் உலகப் பொது நேரம் என்பதால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். காற்றுப் பகுதியில் 27010 என்றிருந்தால், மேற்கிலிருந்து (270 பாகை) 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில் மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று, வீசுகிறது என்று பொருள். 38/22 என்பதில் முன்னது வெப்பநிலை, பின்னது பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை; காற்றில் ஈரம் கூடினால் அதுவும் ஏறும். காற்றின் திசை 90 முதல் 150 பாகைக்குள் திரும்பி, வெப்பநிலை இறங்கி, பனிநிலை ஏறினால் கடற்காற்று வந்துவிட்டது எனக் கொள்ளலாம். இடிமழை மேகத்திலிருந்து இறங்கும் காற்றும் வெப்பத்தைச் சட்டெனக் குறைக்கும் என்பதால், வெப்பநிலையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

நண்பகலுக்கு முன்பே கடற்காற்று வரும் நாளில் வெயில் அடங்கியே இருக்கும். மேல்காற்று வலுத்து அதைப் பிற்பகல்வரை தடுத்து நிறுத்தும் நாளில்தான் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது. மாலையில் வானிலை ஆய்வு மையம் தரும் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் அதிகபட்ச வெப்பநிலைகளையும் ஒப்பிடுங்கள்; மீனம்பாக்கம் கடலிலிருந்து சற்றுத் தள்ளியிருப்பதால் அங்குக் கடற்காற்று தாமதமாகச் சேர்ந்து, வெப்பம் பல நாட்களில் கூடுதலாகப் பதிவாகும். வெப்பநிலை இறங்கினாலும் புழுக்கம் ஏறுவதை மறக்க வேண்டாம். வியர்வை உலராத அந்த மாலைகளை இதமானவை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெரும்பாலும் காற்று கடலிலிருந்தே வருவதால் இந்த வழிமுறை உதவாது. ஜனவரியில், வானம் தெளிந்த இரவுகளை மட்டும் தேர்ந்து, சென்னை, வேலூர் ஆகிய இரு ஊர்களின் குறைந்தபட்ச வெப்பநிலைகளை ஒப்பிடுங்கள்.