தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே தீர்ப்பு எழுதுறது: பாலியல் வழக்குகள்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய ஆள் ஒருத்தர் மேல பாலியல் புகார் வந்துச்சுன்னா போதும், கொஞ்ச நேரத்துல ரெண்டு கோஷ்டி கிளம்பிடும். ஒரு கோஷ்டி "நெருப்பில்லாம புகையுமா"ன்னு கேக்கும், இன்னொரு கோஷ்டி "ரெண்டு கை தட்டாம ஓசை வருமா"ன்னு கேக்கும். ரெண்டும் எதிரெதிர் அணி மாதிரி தெரியும், ஆனா பண்றது ஒரே வேலைதான். முதல் கோஷ்டி அந்த ஆள குற்றவாளின்னு முடிவு பண்ணிடுச்சு, ரெண்டாவது கோஷ்டி புகார் குடுத்தவங்கள பொய் கேஸ் போட்ட குற்றவாளின்னு முடிவு பண்ணிடுச்சு. தெரிஞ்சே பொய்ப் புகார் குடுக்குறதும் பல நாட்டுல குற்றம்தான், அப்போ அத நிரூபிக்கிற வரைக்கும் புகார் குடுத்தவங்களும் நிரபராதிதானே? இத யாரும் யோசிக்கிறதே இல்ல.

முதல்ல ஒரு குழப்பத்த தீர்த்துடலாம். "நிரூபிக்கப்படுற வரைக்கும் நிரபராதி"ன்றது 1948 உலக மனித உரிமைப் பிரகடனத்தோட 11வது பிரிவுலயே இருக்கு. அதோட வேலை என்னன்னா, குற்றத்த நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்போடது, சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும், அது வரைக்கும் தண்டிக்கக் கூடாது, அவ்வளவுதான். "எதுவுமே நடக்கல"ன்னு எல்லாரும் நம்பணும்னு அது சொல்லல. புகார் குடுத்தவங்கள நம்பி கூட நிக்கிற ஃப்ரெண்டோ, விசாரணை முடியுற வரைக்கும் ஒருத்தர வேலையில இருந்து தள்ளி வெக்கிற ஆஃபீஸோ, "சாட்சிய சந்திக்கக் கூடாது"ன்னு ஜாமீன்ல கண்டிஷன் போடுற ஜட்ஜோ இந்த விதிய மீறுறாங்கன்னு சொல்றது தப்பு. பெரிய ஆளுங்களோட இமேஜ காப்பாத்துற பிஆர் டீம் இந்த வாதத்த நல்லா யூஸ் பண்ணும், "கோர்ட் சொல்ற வரைக்கும் யாரும் வாயத் திறக்கக் கூடாது"ன்னு. வாயத் திறக்கலாம், எப்படித் திறக்குறோம்ன்றதுதான் மேட்டர்.

யாரு ரொம்ப ஜாக்கிரதையா பேசணும்னா போலீஸும் அமைச்சர்களும் அரசு வக்கீல்களும். பிரான்ஸ்ல ஒரு கொலை வழக்குல விசாரணை நடக்கும்போதே மூத்த போலீஸ் அதிகாரிங்க ப்ரெஸ் மீட்ல ஒருத்தர கொலைக்கு தூண்டினவர்னு சொன்னதுக்கு, அது நிரபராதி உரிமைய மீறினதுன்னு 1995ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆனா நம்ம பாக்குற நியூஸ்ல பாதி "போலீஸ் வட்டாரங்கள் தெரிவிச்சது"தான், அத அப்படியே உண்மைன்னு எடுத்துக்கிறது அடுத்த பெரிய தப்பு.

இதுக்கு அமெரிக்காவோட டியூக் யுனிவர்சிட்டி கேஸ விட நல்ல உதாரணம் கிடைக்காது. 2006 மார்ச்ல லக்ரோஸ் டீம் பசங்க மேல பலாத்காரப் புகார், அந்த ஊர் அரசு வக்கீல் மைக் நைஃபாங் அப்போ அதே பதவிக்கான தேர்தல்ல நிக்கிறார், கேஸு கையில வந்ததுமே சேனல் சேனலா பேட்டி, பசங்க குற்றவாளின்றதுல சந்தேகமே இல்லன்ற தொனியில. கோச் ராஜினாமா, சீசனே கேன்சல். டிஎன்ஏ டெஸ்ட்ல டீம்ல இருக்குற யாரோடதும் மேட்ச் ஆகல, வேற ஆண்களோடது இருந்துச்சு, அந்த விஷயத்த எதிர்த் தரப்பு வக்கீலுக்கு சொல்லாம மறைச்சாங்க. 2007 ஏப்ரல்ல மாநில அட்டர்னி ஜெனரல் கேஸ கைவிட்டதோட நிக்காம, குற்றம் சாட்டப்பட்ட மூணு பசங்களும் நிரபராதின்னே அறிவிச்சார். நைஃபாங்கோட வக்கீல் லைசென்ஸ் ஜூன்ல பறிபோச்சு, கோர்ட் அவமதிப்புக்கு ஒரு நாள் ஜெயில். இங்க மீடியா எதையும் கற்பனை பண்ணல, அதிகாரத்துல இருக்குறவர் சொன்னத திருப்பிச் சொல்லுச்சு, கேள்வி கேக்கல, அதுதான் பிரச்சன.

இதோட மறுபக்கம் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை. 2014 நவம்பர்ல வர்ஜீனியா யுனிவர்சிட்டியில நடந்த கூட்டுப் பலாத்காரம்னு ஒரு பெரிய கட்டுரை போட்டாங்க, ஒரே ஆள் சொன்னது மட்டும்தான் ஆதாரம், அந்தப் பொண்ணோட ஃப்ரெண்ட்ஸ்கிட்டயும் கேக்கல, குற்றம் சாட்டப்பட்டவர்னு சொன்ன ஆளயும் கண்டுபிடிச்சு கேக்கல. கொலம்பியா யுனிவர்சிட்டி ஜர்னலிசம் ஸ்கூல் ஆராய்ஞ்சு ரிப்போர்ட் குடுத்த பிறகு 2015 ஏப்ரல்ல கட்டுரைய வாபஸ் வாங்கினாங்க. பாதிக்கப்பட்டவங்கள சங்கடப்படுத்தக் கூடாதுன்னு சரிபார்க்காம விட்டாங்க, கடைசியில அடுத்து உண்மையா புகார் குடுக்க வர்றவங்க தலையிலதான் அது விடிஞ்சுது.

அப்போ மீடியா எழுதவே கூடாதான்னா, கூடாதுன்னு சொல்ல மாட்டேன். 2017 அக்டோபர்ல ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் மேல இருந்த பாலியல் புகார்கள் பத்தி நியூயார்க் டைம்ஸும் நியூயார்க்கரும் எழுதுனப்போ எந்த கிரிமினல் வழக்கும் நிலுவையில இல்ல. ஆனா பல பெண்கள், பணம் குடுத்து செட்டில்மென்ட் பண்ணினதுக்கான தடயம், கம்பெனி உள்ள இருந்த ஆவணங்கள், எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் பாத்து, வைன்ஸ்டீன் தரப்பு பதிலையும் வாங்கிப் போட்டாங்க. யார் என்ன சொன்னாங்க, யார் மறுத்தாங்கன்னு வாசிக்கிறவனுக்கு பிரிச்சுத் தெரியும். மீடியா விசாரிக்கிறதும் மீடியா தீர்ப்பு சொல்றதும் வேற வேற. ஆங்கர் மேசையத் தட்டி கத்துறதுக்கு பேரு விசாரணை இல்ல.

புகார் குடுத்தவங்களுக்கு மீடியா பண்ற இன்னொரு கெடுதல் பல பேருக்குத் தெரியாது. "வாங்க, உங்க கதைய சொல்லுங்க"ன்னு மைக்க நீட்டுவாங்க, நல்ல எண்ணத்தோடவே கூட. கனடாவுல ஜியான் கொமேஷின்னு பிரபல ரேடியோ தொகுப்பாளர் வழக்குல, சாட்சிங்க மீடியாவுக்கு சொன்னது, போலீஸ்கிட்ட சொன்னது, கோர்ட்ல சொன்னது மூணுக்கும் நடுவுல இருந்த வித்தியாசங்கள குறுக்கு விசாரணையில ஒவ்வொண்ணா எடுத்து வெச்சாங்க, 2016 மார்ச்ல அவர் விடுதலை. ஞாபகம் எல்லாருக்கும் ஒவ்வொரு தடவ சொல்லும்போதும் கொஞ்சம் மாறும், அதனால பேட்டி அதிகமாக அதிகமாக எதிர்த் தரப்புக்கு சரக்கு சேந்துட்டே போகும்.

அதே தீர்ப்புல ஜட்ஜ் இன்னொண்ணும் சொல்லியிருந்தார், சாட்சியங்கள்ல சந்தேகம் இருக்குன்னு சொல்றதும் சம்பவம் நடக்கவே இல்லன்னு முடிவு பண்றதும் ஒண்ணு இல்லன்னு. இதுதான் என்னைக் கேட்டா மக்கள் அதிகமா பண்ற தப்பு: விடுதலைன்னா பொய் கேஸ்னு எடுத்துக்கிறது. விடுதலைக்கு பல காரணம் இருக்கும். அமெரிக்க காமெடி நடிகர் பில் காஸ்பி பாலியல் வழக்குல 2018ல தண்டிக்கப்பட்டார், 2021 ஜூன்ல பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் அத ரத்து பண்ணி வெளிய விட்டுச்சு. காரணம், வழக்கு போட மாட்டேன்னு முந்தைய அரசு வக்கீல் குடுத்த உறுதிய நம்பி அவர் சிவில் கேஸ்ல குடுத்த வாக்குமூலத்தையே பின்னாடி அவருக்கு எதிரா யூஸ் பண்ணிட்டாங்க. ரத்து பண்ணதுக்குக் காரணம் அரசுத் தரப்பு நடந்துக்கிட்ட விதம், குற்றம் நடந்துச்சா இல்லையான்ற கேள்விக்கு அது பதில் இல்ல. டியூக் பசங்களுக்கு நடந்தது வேற, காஸ்பிக்கு நடந்தது வேற, ரெண்டுக்கும் "வெளிய வந்துட்டாங்க"ன்னு ஒரே தம்ப்நெயில் போட்டா என்ன அர்த்தம்? தீர்ப்போட காரணத்த படிக்காம ரிசல்ட்ட மட்டும் படிச்சா இப்படித்தான்.

நடத்தைய வெச்சு தீர்ப்பு சொல்றதும் விட்டுடணும். உடனே ஏன் புகார் குடுக்கல, ஏன் கத்தல, அடுத்த வாரம் எப்படி சிரிச்சிட்டு ஃபோட்டோ போட்டாங்க. பயத்துல உடம்பு உறைஞ்சு போறது, வேலை போயிடும்னு வருஷக்கணக்கா அமைதியா இருக்குறது, பழகினவன்கிட்ட பழையபடி பேச ட்ரை பண்றது, எல்லாம் நிஜமாவே நடக்குற விஷயங்கள். அதே மாதிரி அந்தப் பக்கம், வக்கீல் வெச்சுக்கிட்டார், பேச மாட்டேங்குறார், கோர்ட் வாசல்ல சிரிச்சார், அப்போ குத்தம் பண்ணவர்தான்னு சொல்றதும் அதே கோளாறு.

அடையாளம் விஷயம். புகார் குடுத்தவங்க பேர போடக் கூடாதுன்னு தெரியும், ஆனா படிப்பு, தெரு, வேலை, ப்ளர் பண்ண வீடுன்னு எல்லாத்தையும் போட்டா தெரிஞ்சவங்களுக்கு புரியாதா? சந்தேகிக்கப்படுறவருக்கும் உரிமை உண்டு. 2014ல ஒரு பாலியல் புகார்ல பிரிட்டிஷ் பாடகர் க்ளிஃப் ரிச்சர்ட் வீட்ட போலீஸ் சோதனை போட்டத பிபிசி ஹெலிகாப்டர்ல இருந்து லைவா காட்டுச்சு, அவர் கைதும் ஆகல, அவர் மேல குற்றச்சாட்டும் பதிவாகல. 2018ல லண்டன் ஹைகோர்ட் அது அந்தரங்க உரிமை மீறல்னு சொல்லி 2,10,000 பவுண்ட் இழப்பீடு குடுக்கச் சொன்னுச்சு.

மீடியா சூடு எது வரைக்கும் போகும்னா 2019 டிசம்பர் ஹைதராபாத் வரைக்கும் போகும். கால்நடை மருத்துவர் பலாத்காரக் கொலை வழக்குல கைதான நாலு பேர போலீஸ் சுட்டுக் கொன்னப்போ ஜனங்க போலீஸ் மேல பூ தூவினாங்க. உச்ச நீதிமன்றம் அமைச்ச சிர்புர்கர் கமிஷனோட அறிக்கை 2022ல வெளிய வந்துச்சு, போலீஸ் சொன்ன கதைய நம்ப முடியாது, கொல்லணும்ன்ற நோக்கத்தோடதான் சுட்டிருக்காங்கன்னு. அவங்கதான் பண்ணாங்களா, இல்ல வேற யாரும் இருக்காங்களான்னு ஒரு கோர்ட்ல சாட்சியத்த சோதிச்சுப் பாக்குற வாய்ப்பே போயிடுச்சு, அந்தப் பொண்ணோட குடும்பத்துக்கும் சேத்துத்தான்.

கடைசியா, வழக்க பாதியில விட்டுட்டுப் போறது. வைன்ஸ்டீனோட நியூயார்க் கேஸையே பாருங்க: 2020ல தண்டனை, 2024 ஏப்ரல்ல அப்பீல்ல ரத்து, 2025 ஜூன் மறுவிசாரணையில ஒரு குற்றச்சாட்டுல குற்றவாளி, ஒண்ணுல விடுதலை, மூணாவதுல ஜூரி முடிவுக்கே வரல. கலிஃபோர்னியாவுல தனியா 16 வருஷ தண்டனை இருந்ததால, 2024ல ரத்தானதும் அவர் வெளிய வந்துட்டார்னு போட்டதும் தப்பு. இதுல ஏதாவது ஒரு தேதியில போட்ட போஸ்ட் இன்னும் உங்க பக்கத்துல அப்படியே இருந்தா, எந்த கோர்ட், எந்தக் குற்றச்சாட்டு, எந்தத் தேதி நிலவரம்னு ஒரு வரி சேத்துடுங்க.