ஆள் நிற்க இடம் விட்டு வரையுங்கள்: டிவி அனிமேஷனுக்குப் பின்னணி அமைக்கும் முறை

டிவி அனிமேஷன் தொடருக்குப் பின்னணி வரைய உட்காருகிற பலரும் முதலில் ஓர் அழகான படத்தை வரைந்து முடித்துவிடுகிறார்கள். மலை, மேகம், கூரையில் ஒவ்வொரு ஓடும் தனித்தனியாக, எல்லாம் இருக்கும். அப்புறம் அதன்மேல் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தால் ஆளைக் காணோம். நான் முதலில் வரைந்த காட்டுக் காட்சியில் இதுதான் நடந்தது. மூன்று நாள் உட்கார்ந்து இலை இலையாக வரைந்திருந்தேன், பச்சைச் சட்டை போட்ட பையன் அதற்குள் போய் மறைந்துவிட்டான், மொத்தத்தையும் திரும்ப வரைய வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஆள் எங்கே நிற்பான், எங்கே நடப்பான் என்கிற காலி இடத்தைத்தான் முதலில் வரைகிறேன். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வரும்.

அதனால் பென்சிலை எடுப்பதற்கு முன் ஸ்டோரிபோர்டையும் (காட்சிகளை வரிசையாக வரைந்த படங்கள்) அனிமேட்டிக்கையும் (அந்தப் படங்களை நேரக்கணக்கோடு ஓடவிட்ட வீடியோ) முழுக்கப் பாருங்கள். இந்த ஷாட் திரையில் எத்தனை நொடி இருக்கும், கேமரா நகருமா, யார் எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வருகிறார்கள், இந்த இடம் அடுத்த எபிசோடிலும் வருமா? இரண்டு நொடி வந்து போகிற சந்துக்கும், ஒவ்வொரு எபிசோடிலும் வரப்போகிற வீட்டுக்கும் ஒரே உழைப்பைக் கொட்டினால் நேரம் போதவே போதாது.

ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு தாத்தாவின் அறை, பேத்தி அடிக்கடி அங்கே வருவாள். முதல் வேலை, மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு தரைப்படம்: கதவு எங்கே, ஜன்னல் எங்கே, மேஜை எந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது. இது இல்லாமல் நேரே ஷாட்டை வரைய ஆரம்பித்தால் மூன்றாவது ஷாட்டில் மாட்டிக்கொள்வீர்கள். தாத்தாவின் பக்கமிருந்து பார்க்கும்போது இடது கையில் இருந்த ஜன்னல், கேமரா எதிர்ப்பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால் வலது கையில் இருக்க வேண்டும். மனசிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் கண்டிப்பாகத் தவறும். இப்போது நிறையப் பேர் பிளெண்டர் என்கிற முப்பரிமாண மென்பொருளில் வெறும் பெட்டிகளாக அறையைக் கட்டி, கேமராவை வைத்து, அதன்மேல் வரைகிறார்கள். நல்ல வழிதான், ஆனால் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி விறைப்பான கோடுகள் அப்படியே தங்கிவிடும். தொடரின் பாணி வளைந்து நெளிந்ததாக இருந்தால் அந்தப் பெட்டிகளை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு கையாலேயே வரையுங்கள்.

அறையில் என்ன பொருள் வைப்பது என்பதை அதில் வாழ்கிறவர்தான் சொல்ல வேண்டும். மேஜையின் வலது முனை மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது, ஏனென்றால் தாத்தா அங்கேதான் முழங்கையை ஊன்றுவார். நுண்ணிய வேலை என்பதால் தலைக்கு மேலே ஒரு விளக்கு தாழத் தொங்குகிறது. மேஜைக்குப் பக்கத்தில் ஒரு குட்டை முக்காலி, அது பேத்திக்கு. இந்த மூன்றும் போதும். சுவர் நிறையக் கடிகாரம் மாட்டலாம் என்று ஆசை வரும், வரைவதற்கும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தாத்தாவின் தலைக்குப் பின்னால் பத்து வட்டங்கள் இருந்தால் அவர் முகம் பதினோராவது வட்டமாகிவிடும். கடிகாரங்களை ஓரத்துக்குக் கொத்தாகத் தள்ளிவிட்டு, அவர் தலைக்குப் பின்னால் சுவரை வெறுமையாக விடுங்கள்.

இனி தீப்பெட்டி அளவில் ஐந்தாறு குட்டிப் படங்கள் போடுங்கள். கறுப்பு, நடுச்சாம்பல், வெள்ளை, அவ்வளவுதான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஆள் பளிச்சென்று தனியாகத் தெரிய வேண்டும். தாத்தாவுக்கு வெள்ளை முடி, ஆகவே பின்சுவர் நடுச்சாம்பலுக்குக் கீழே இறங்கியாக வேண்டும். வண்ணத்தில் எவ்வளவு வித்தை காட்டினாலும் இந்தக் கட்டத்தில் விழுந்த பிழையைச் சரிசெய்ய முடியாது, அதனால் இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள்.

பெர்ஸ்பெக்டிவில், அதாவது தூரத்துக்கேற்ப அளவு மாறுவதைக் காட்டும் முறையில், ஒரே ஒரு விதியைச் சொல்கிறேன், தினமும் உதவும். சமதளத் தரையில் ஒரே உயரமுள்ள ஆட்கள் நின்றால், கேமராவின் கண் மட்டத்தில் வருகிற தொடுவானக் கோடு அவர்கள் எல்லோரையும் உடம்பின் ஒரே இடத்தில்தான் வெட்டும். முன்னால் நிற்பவருக்கு மார்பில் வெட்டினால் தூரத்தில் நிற்பவருக்கும் மார்பில்தான், கேமரா சாயாதவரை. இதை வைத்து கதவு, நாற்காலி, ஆள் எல்லாவற்றின் அளவையும் ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திரை 1920 × 1080 என்றால் கேமரா நகராத ஷாட்டுக்குக்கூட நான்கு பக்கமும் கொஞ்சம் கூடுதலாக வரைந்து வையுங்கள், இயக்குநர் கடைசி நேரத்தில் ஃபிரேமைத் தள்ளச் சொல்வார். கேமரா இரண்டு மடங்கு நெருங்கப் போகிறது என்றால் படம் குறைந்தது 3840 பிக்சல் அகலம் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் முகம் கூர்மையாகவும் சுவர் மங்கலாகவும் தெரியும். ஆள் ஓட ஓடச் சுற்றி வருகிற நீளப் பின்னணியில் இடது முனையும் வலது முனையும் தையல் தெரியாமல் சேர வேண்டும், தனித்துத் தெரிகிற பொருள் எதுவும் அதில் இருக்கக் கூடாது. 1960-இல் தொடங்கிய ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் தொடரில் வீட்டுக்குள் ஓடும்போது அதே ஜன்னலும் அதே மேஜையும் திரும்பத் திரும்பக் கடந்து போவது இன்றும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. செலவைக் குறைக்க அது நல்ல வழி, உங்கள் தொடரிலும் தேவைப்படும். சுவர், வேலி, புதர் மாதிரி சாதாரணப் பொருளாக இருந்தால் கண்ணில் படாது, ஒரு சிவப்புக் கதவு இருந்தால் இரண்டாவது சுற்றிலேயே தெரிந்துவிடும்.

லேயர்களை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற படத் தளங்களை, பிரிப்பதில் கவனம் தேவை. ஆளுக்கு முன்னால் வருவது தனி, ஆளுக்குப் பின்னால் உள்ளது தனி, தூரத்தில் இருப்பது தனி. கேமரா பக்கவாட்டில் நகரும்போது கிட்டே உள்ளது வேகமாகவும் தூரத்தில் உள்ளது மெதுவாகவும் நகர்ந்தால்தான் ஆழம் கிடைக்கும். டிஸ்னி நிறுவனம் 1937-இல் 'தி ஓல்ட் மில்' குறும்படத்தில் கண்ணாடித் தட்டுகளை அடுக்கி மல்டிபிளேன் கேமராவால் செய்ததும் இதுதான், இன்று மென்பொருளில் செய்கிறோம். மேஜையைத் தனி லேயராக எடுத்தால் அதற்குப் பின்னால் மறைந்திருக்கிற சுவரையும் தரையையும் வரைந்து வையுங்கள், மேஜை ஓர் அங்குலம் நகர்ந்தாலும் அங்கே ஓட்டை தெரியும். திறக்கப்போகிற கதவு, விழப்போகிற ஜாடி எல்லாம் தனி. பழைய கார்ட்டூன்களில் எந்தப் பாறை உருளப் போகிறது என்று முன்கூட்டியே தெரியும், கவனித்திருப்பீர்கள். பின்னணி தாளில் தீட்டியது, நகர்கிற பாறை 'செல்' எனப்படும் ஒளி ஊடுருவும் தாளில் வண்ணமிட்டது, ஆகவே நிறம் வேறாகத் தெரிந்தது. இன்றும் பொருட்களை ஒரு குழுவும் பின்னணியை இன்னொரு குழுவும் வரைந்தால் அதே விஷயம் நடக்கும், எனவே அந்தக் கதவின் வண்ணக் குறியீட்டைக் கேட்டு வாங்கிப் பொருத்துங்கள்.

வண்ணம் தீட்டும்போது பாத்திரத்தின் வண்ணத் தாளைப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மிகப் பளிச்சென்ற நிறங்கள் ஆளுக்கு, சற்று அடங்கியவை பின்னணிக்கு. வெளிப்புறக் காட்சி என்றால் தூரம் போகப் போக வெளிறி, நீலம் கலந்து, வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வித்தியாசம் குறையட்டும். இரவுக் காட்சிக்குப் பகல் படத்தின்மேல் நீலத்தைப் பூசி முடித்துவிடாதீர்கள், எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிற பழக்கம். இரவில் வெளிச்சம் வருகிற இடமே வேறு. 1992-இல் வந்த பேட்மேன் அனிமேஷன் தொடரின் பின்னணிகளைக் கறுப்புத் தாளில் தீட்டினார்கள், அதாவது இருட்டு முதலிலேயே இருந்தது, வெளிச்சத்தை மட்டும் சேர்த்தார்கள். தாத்தாவின் அறைக்கும் அப்படியே செய்து பாருங்கள்: முழு இருட்டை நிரப்பிவிட்டு, தொங்கும் விளக்குக்குக் கீழே ஒரு வட்டம், மேஜையின் தேய்ந்த முனையில் ஒரு பளபளப்பு, முக்காலியின் ஓரத்தில் மெல்லிய ஒரு கோடு. பேத்தி அந்தக் கோட்டுக்குள் வந்து உட்காரும்போதுதான் அவள் முகம் தெரியும்.

கோட்டின் தடிமன், கோட்டுக்கு நிறம் உண்டா, மரத்தை இலையாக வரைவதா கொத்தாக வரைவதா, இதெல்லாம் தொடரின் பாணிக் கையேட்டில் இருக்கும், அதன்படி போங்கள். பத்துப் பேர் வரைந்தாலும் ஒருவர் வரைந்தது போல இருக்க வேண்டும்.

அனுப்புவதற்கு முன் பாத்திரத்தின் போஸ்களைக் கொண்டுவந்து பின்னணிமேல் வைத்துப் பாருங்கள். உட்கார்ந்த போஸ் மட்டும் போதாது, எழுந்து நிற்பதையும் வையுங்கள். தாத்தா எழுந்தால் அந்த விளக்கு நெற்றியில் இடிக்கும். கதையில் அப்படி ஒன்று இல்லையென்றால் விளக்கைக் கொஞ்சம் உயர்த்தி, வெளிச்ச வட்டத்தையும் அதற்கேற்ப அகலமாக்கி, ஒவ்வொரு லேயருக்கும் பெயர் வைத்து, தரைப்படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.