வீட்டுக் கணினியைக் காப்பது: நகல் எடுப்பதில் தொடங்குங்கள்

எங்கள் அப்பத்தாவின் இசைகுடிமானத்தையும் (நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் ஒப்பந்தப் பத்திரம்) ஐயா பினாங்கில் எடுத்துக்கொண்ட படங்களையும் ஸ்கேன் செய்து காரைக்குடி வீட்டுக் கணினியில் வைத்திருந்தேன். கல்யாணப் படங்களோடு வந்த ஒரு பென் டிரைவைச் செருகினேன். மறுநாள் ஒரு கோப்பும் திறக்கவில்லை. பணம் கட்டினால்தான் திறப்போம் என்று திரையில் ஓர் அறிவிப்பு. இசைகுடிமானத்தின் மூலப் பத்திரம் பெட்டகத்தில் இருந்தது. ஐயாவின் படங்களின் மூலத்தையோ கரையான் முன்பே தின்றிருந்தது. அந்த முகத்தை இனிப் பார்க்க வழியில்லை.

அதனால்தான் பலரும் கடைசியில் சொல்வதை நான் முதலில் சொல்கிறேன்.

படி 1: நகல். வெளியே இணைக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்குங்கள். படங்கள், பத்திரங்கள், கணக்குகள் எல்லாவற்றையும் அதில் நகலெடுங்கள். முடிந்ததும் கழற்றிவிடுங்கள். இதை மறக்கவே கூடாது: கோப்புகளைப் பூட்டும் வைரஸ், கணினியோடு இணைந்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். இன்னொரு நகல் வேறு ஊரில் இருக்கட்டும். எங்களுடையது இப்போது சென்னையில் ஒரு பங்காளி வீட்டில் இருக்கிறது. மாதம் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். நகலிலிருந்து இரண்டு கோப்புகளைத் திறந்தும் பாருங்கள்; திறக்காத நகல் இருந்தும் பயனில்லை.

படி 2: அப்டேட். செட்டிங்ஸ் சென்று ‘விண்டோஸ் அப்டேட்’ பகுதியில் ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ பொத்தானை அழுத்துங்கள். கேட்டால் கணினியை அணைத்துத் தொடங்குங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வான்னாக்ரை வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் போடாதவர்கள்தான் பெரும்பாலும் அகப்பட்டார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்கள் கணினி ஏற்குமானால் 11-க்கு மாறிவிடுங்கள். திருட்டு விண்டோஸைப் போட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதைத் திறக்கும் ‘கிராக்’ நிரலோடு வைரஸும் சேர்ந்து வரலாம்.

படி 3: வைரஸ் தடுப்பு. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும் என்பது என் கருத்து. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, அது இயங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். வெளியிலிருந்து வரும் பென் டிரைவைத் திறப்பதற்கு முன், அதன்மேல் வலது சொடுக்கி டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள். நான் அன்று செய்யத் தவறியது இதைத்தான்.

படி 4: தனிக் கணக்கு. பிள்ளைகளுக்கு ‘ஸ்டாண்டர்டு யூசர்’ கணக்குப் போதும். நிர்வாகி கடவுச்சொல் உங்களிடம் இருந்தால், அவர்கள் தவறிச் சொடுக்கினாலும் சேதம் குறையும்.

படி 5: கடவுச்சொல். நகரத்தார் குலப்பிரிவுகளுக்கு உரிய ஒன்பது கோயில்களில் உங்களுடையது எது என்பது ஊருக்கே தெரியும்; அதோடு பிறந்த ஆண்டைச் சேர்த்துக் கடவுச்சொல் ஆக்காதீர்கள். தொடர்பில்லாத நான்கு சொற்களைக் கோத்து நீளமாக வையுங்கள். மின்னஞ்சலுக்கு வைத்ததை வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள்; கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இயக்கிவிடுங்கள். வை-ஃபை ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

படி 6: தொலைபேசி. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிமாருக்கு இதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். “உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, இந்தச் செயலியை இறக்குங்கள்” என்று அழைப்பு வந்தால் பதில் பேசாமல் வைத்துவிட வேண்டும். ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. ஒருவேளை பணம் போய்விட்டால், அதே நிமிடம் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். வங்கிக்கும் சொல்ல வேண்டும். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.