ஃபுன்ஷாலில் தீர்ந்துபோன விசா: உலகச் சுற்றுக் கப்பலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி பிறந்ததும் சவுத்தாம்ப்டன், மயாமி, லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகங்களிலிருந்து உலகச் சுற்றுக் கப்பல்கள் கிளம்பிவிடும். அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டு, சேமிப்பில் ஒரு பெரிய பங்கை எடுத்து, நான்கு மாதம் கடலில் இருக்கப் போகிறவர்கள். கப்பலின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் பல ஆண்டுகள் நின்றவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். தயிர்சாதம் கிடைக்குமா? கிடைக்கும், முதல் நாள் இரவே தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்லிவைத்தால். குமட்டல் வருமா? முதல் சில நாள் வரலாம், பிறகு பழகிவிடும். கைகழுவுங்கள், மேல்தளத்தில் வழுக்கும் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இந்தப் பயணங்களைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி பிரிட்டிஷ், அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் எழுதியது. அவர்களுக்குப் பள்ளமே இல்லாத இடத்தில்தான் நம்மவர்கள் வரிசையாக விழுகிறார்கள். ஆண்டுதோறும் அதே பள்ளம்.

நாடுகளை எண்ணிவிட்டு, நுழைவுகளை எண்ணாமல் விடுவது

முன்பணம் கட்டியதும் பயண அட்டவணையை வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். போர்ச்சுகல், கிரீஸ், ஸ்பெயின். மூன்றும் ஷெங்கன் நாடுகள், அதாவது பொதுவான ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகள். ஆகவே ஒரே விசா போதும் என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். விசா ஒன்று போதும் என்பது சரிதான். அந்த விசாவில் எத்தனை முறை உள்ளே போகலாம் என்பதை யாரும் பார்ப்பதில்லை.

பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் ஷெங்கன் விசா வில்லையில் நுழைவுகளின் எண்ணிக்கைக்கென்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் '01' என்றோ '02' என்றோ 'மல்ட்' (பல முறை) என்றோ அச்சாகியிருக்கும். '01' என்றால் அது சினிமா டிக்கெட் மாதிரி. ஒருமுறை கிழித்தாயிற்று என்றால் வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போக முடியாது. விசாவில் இன்னும் மூன்று மாதம் பாக்கியிருந்தாலும் பயனில்லை.

இப்போது கப்பலின் பாதையைப் பாருங்கள். சவுத்தாம்ப்டனிலிருந்து மேற்கே கிளம்பும் கப்பல் சில நாளிலேயே மதேரா தீவின் ஃபுன்ஷாலில் நிற்கும். மதேரா போர்ச்சுகலைச் சேர்ந்தது, ஷெங்கனுக்குள் இருப்பது. கேபிள் காரில் மோன்டே குன்றுக்குப் போய்வந்து, ஒரு காபி குடித்துவிட்டு மாலையில் கப்பலேறுகிறீர்கள். கப்பல் அட்லாண்டிக்கில் திரும்பியதும் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியவர். பிறகு கரீபியன், பனாமா கால்வாய், பசிபிக், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், கொழும்பு, கொச்சி. ஏப்ரலில் சூயஸைக் கடந்து ஏதென்ஸுக்கான பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் கட்டும்போது அது உங்களுடைய இரண்டாவது நுழைவு. ஒற்றை நுழைவு விசா ஃபுன்ஷாலிலேயே, அந்தக் காபியோடு தீர்ந்துபோயிருக்கும்.

திருச்சியிலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு நடந்தது இது. அவர் ஓய்வுபெற்ற பொறியாளர், அந்த அம்மா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கப்பலில் ஏறும்போது சோதித்தவர் விசாவின் தேதிகளைப் பார்த்துவிட்டு அந்தக் கட்டத்தைப் பார்க்கவில்லை. நீண்ட பயணங்களில் பாஸ்போர்ட்டுகளைக் கப்பல் அலுவலகமே வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். சிங்கப்பூரை விட்ட பிறகு, ஐரோப்பியத் துறைமுகங்களுக்கான பட்டியலைத் தயாரிக்க உட்கார்ந்தபோது அவர்களுடைய பாஸ்போர்ட்டுகள் என் கைக்கு வந்தன. வில்லையில் '01'. எதிர்ப்பக்கத்தில் ஃபுன்ஷால் முத்திரை, மூலையில் குட்டிக் கப்பல் படத்துடன், உள்ளே வந்ததற்கு ஒன்று, வெளியே போனதற்கு ஒன்று.

அழைத்துச் சொன்னேன். அவர் பதறவேயில்லை. "தம்பி, ஏதென்ஸ் எனக்குப் பெரிதில்லை. நாங்கள் இறங்கவே போவதில்லை. கேபினிலேயே இருந்துகொள்கிறோம்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. இறங்காமல் இருந்தால் விசா வேண்டாம் என்பது பயணிகளின் நம்பிக்கை. கப்பல் நிறுவனங்களின் விதி வேறு. பாதையிலுள்ள ஒவ்வொரு நாட்டுக்கும், கரையில் கால் வைத்தாலும் வைக்காவிட்டாலும், உரிய விசா வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். உரிய தாள் இல்லாதவரை ஏற்றி வந்ததற்கு நிறுவனத்துக்கு அபராதம் விழும். அமெரிக்காவில் கப்பல் தொடும் முதல் துறைமுகத்தில் இறங்க விரும்பாதவரும் எழுந்து வந்து குடியேற்ற அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். கேபினில் படுத்திருக்கிறேன் என்பது அங்கே செல்லாது.

கடல் நடுவிலிருந்து புது விசா வாங்கவும் வழியில்லை. விண்ணப்பதாரர் நேரில் போய் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கப்பல் கொழும்பில் நிற்பது ஒரு பகல். ஆகவே அவர்கள் கொச்சியில், வில்லிங்டன் தீவில், ஆறு பெட்டிகளோடு இறங்கினார்கள். கொச்சியில் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு யாரும் விசா கேட்கப்போவதில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. சூயஸ், ஏதென்ஸ், இத்தாலி, ஸ்பெயின் எல்லாம் போயிற்று. மீதிப் பயணத்துக்கான பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்ப வரவில்லை. பயண ஆவணங்கள் பயணியின் பொறுப்பு என்று அவர்கள் கையெழுத்திட்ட தாளில் இருந்தது.

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது பணம்கூட இல்லை. விண்ணப்பப் படிவத்தில் ஒன்று, இரண்டு, பல என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. கட்டணம் மூன்றுக்கும் ஒன்றேதான், 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. ஏஜென்ட் பழக்கதோஷத்தில் 'ஒன்று' என்ற கட்டத்தில் குறியிட்டிருக்கிறார். பாரிஸ், சுவிட்சர்லாந்து பத்து நாள் சுற்றுலாவுக்குப் போடுகிறவர் அப்படித்தான் போடுவார். உலகச் சுற்றுக் கப்பல் என்றால் என்ன என்று அவர் கேட்கவுமில்லை, இவர்கள் சொல்லவுமில்லை.

பல நுழைவு கேட்டால் கிடைத்தே தீரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் கேட்காமல் எதிர்பார்க்க முடியாது. முழுப் பயண அட்டவணையை இணைத்து, எந்தத் தேதியில் ஷெங்கனுக்குள் போகிறோம், எந்தத் தேதியில் வெளியேறுகிறோம், மறுபடி எப்போது உள்ளே வருகிறோம் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். பாஸ்போர்ட் திரும்பி வந்த அன்றே அந்தக் கட்டத்தைப் பாருங்கள். '01' என்று வந்திருந்தால் வீட்டில் இருக்கும்போதே சண்டை போடலாம். 2025 அக்டோபரில் ஐரோப்பிய எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாக விரல்ரேகையும் கணினிப் பதிவும் வரத் தொடங்கின. மங்கலான முத்திரையைக் கவனிக்காமல் விட்ட அதிகாரிகளின் காலம் முடிகிறது.

இதே கணக்கு ஆஸ்திரேலியாவுக்கும் உண்டு. சிட்னியில் இறங்கி, நியூசிலாந்து போய், மறுபடி பிரிஸ்பேனுக்கு வரும் பாதையென்றால் இரண்டு நுழைவு. தஹித்தியும் போரா போராவும் பிரான்ஸைச் சேர்ந்தவை என்பதால் ஷெங்கன் விசா போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அவை ஷெங்கனுக்குள் இல்லை. சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது, அந்தத் தீவுகளுக்கென்று பிரான்ஸிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

வாங்கும் வரிசையிலும் புத்தி வேண்டும். பாஸ்போர்ட் ஒன்று, அதைக் கேட்கும் தூதரகங்கள் பல. அமெரிக்க விசா நமக்குப் பொதுவாகப் பத்தாண்டுக்குக் கிடைப்பது, ஆனால் நேர்காணல் தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அதை முதலில் முடியுங்கள். ஷெங்கனுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். பிரிட்டனுக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் வாங்கமாட்டார்கள், அது கடைசி. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இணையவழி, பாஸ்போர்ட் தூதரகத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் வாரங்களில் அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

பாதையே மாறினால்? மாறும். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு, சூயஸ் வழியாக வரவேண்டிய பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. மற்றவர்களுக்கு அது கேப்டவுனைப் பார்க்க வாய்ப்பு. நமக்குத் தென்னாப்பிரிக்க விசா. மாற்றுப்பாதை எது என்று நிறுவனத்திடம் கேட்டு, அந்த நாடுகளின் விசாவையும் கிளம்பும் முன்பே பெற முடியுமா என்று பாருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் அட்டையை அலட்சியம் செய்வது

மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடான கென்யாவின் மொம்பாசாவில் நின்றுவிட்டு ஆறு நாளுக்குள் மும்பைக்கோ கொச்சிக்கோ வருகிறீர்கள் என்று வையுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லையென்றால் சொந்த நாட்டிலேயே உங்களைத் தனிமைப்படுத்தி வைப்பார்கள். இந்தியா இதில் சொந்தக் குடிமக்களுக்கும் சலுகை காட்டுவதில்லை. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியால் கடும் பக்கவிளைவு வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்பதால் மருத்துவரிடம் பேசிவிட்டுப் போங்கள். உலகச் சுற்றுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் அந்த வயதுதான்.

ரைஸ் குக்கர்

வாயிலிலேயே பிடுங்கிக்கொள்வார்கள், இறங்கும்போது திரும்பக் கிடைக்கும்.

கைபேசி காட்டும் நேரத்தை நம்புவது

மேற்கே போகும் கப்பலில் பல இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். இருபத்தைந்து மணி நேர நாள், சுகமான தூக்கம். சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டும்போது ஒரு நாள் முழுதாகக் காணாமல் போகும். அமெரிக்கச் சமோவாவின் பாகோ பாகோவுக்கும் பக்கத்திலுள்ள சமோவாவின் ஆப்பியாவுக்கும் இடையே தூரம் ஓர் இரவுப் பயணம்தான், கடிகார வித்தியாசம் இருபத்துநான்கு மணி நேரம். இன்சுலின் போடுகிறவர்களும், வாரத்துக்கு ஒருமுறை மாத்திரை எடுப்பவர்களும் கிளம்பும் முன்பே இதை மருத்துவரிடம் கேட்டுக் கொள்ள வேண்டும்.

கரையிலோ வேறு சிக்கல். உள்ளூர் நேரம் வேறாக இருந்தாலும் கப்பல் தன் நேரத்தை மாற்றாமல் வைத்திருக்கலாம். கைபேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். திரும்பிவர வேண்டிய நேரம் எப்போதும் கப்பல் நேரம். ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். அன்றன்றைய நிகழ்ச்சித் தாளில் துறைமுக ஏஜென்டின் தொலைபேசி எண் இருக்கும், அதைக் கிழித்துப் பையில் வையுங்கள்.

கப்பலைத் தவறவிட்ட பிரிட்டிஷ்காரர் அடுத்த துறைமுகத்துக்கு விமானம் பிடித்துப் போய்விடுவார். தஹித்தியில் நீங்கள் நின்றுவிட்டால் விமானங்கள் போவது ஆக்லாந்து, லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம். விமானம் மாறி ஏறுவதற்கே விசா கேட்பார்கள். நம் பாஸ்போர்ட்டோடு கப்பலைத் தவறவிடுவது ஒரு நாள் நஷ்டத்தோடு முடியாது.

ஆண்டுக் காப்பீட்டுத் திட்டம்

ஆண்டு முழுக்கச் செல்லும், ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் முப்பது, நாற்பத்தைந்து, அறுபது நாள் என்று வரம்பு இருக்கும். நான்கு மாதப் பயணத்தில் மூன்றாவது மாதம் மாரடைப்பு வந்தால் அது வெறும் தாள். முழு நாள்களுக்கும் ஒற்றைப் பயணக் காப்பீடு எடுங்கள். கடல் நடுவிலிருந்து ஆளைக் கரைக்குக் கொண்டுவரும் செலவு அதில் சேர்ந்திருக்கிறதா என்றும் படியுங்கள்.

காலை உணவு ஆப்பிளைக் கைப்பையில் போடுவது

நியூசிலாந்தில் அறிவிக்காத ஒரு பழத்துக்கு அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். கப்பலிலிருந்து எடுத்தேன் என்பது சமாதானம் ஆகாது. வீட்டு ஊறுகாயும் பருப்புப்பொடியும் கேபினிலேயே இருக்கட்டும். கையில் எடுத்துப் போனால் படிவத்தில் எழுதுங்கள். எழுதியதற்காக யாருக்கும் அபராதம் விதித்து நான் பார்த்ததில்லை, அதிகபட்சம் குப்பையில் போடுவார்கள்.

எல்லாத் துறைமுகத்திலும் இறங்கித் தீருவது

1922 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து உலகச் சுற்றுக்குக் கிளம்பிய லக்கோனியா என்ற கப்பலின் 130 நாள் பயணத்தில் துறைமுகங்கள் 22. இன்று அதே நாள்களுக்குள் அதைவிட இரண்டு மடங்கு இடங்களை அடைத்துவிடுகிறார்கள். கொடுத்த காசுக்குப் பார்த்தே ஆகவேண்டும் என்று காலை ஆறு மணிக்கே படிக்கட்டில் நிற்பவர்களை இரண்டாம் மாதத்தில் கப்பல் மருத்துவர் அறை வாசலில் பார்க்கலாம். நான்கில் ஒரு துறைமுகத்தையாவது விடுங்கள். எல்லோரும் கரைக்குப் போன நாளில் நீச்சல்குளமும் நூலகமும் உங்களுக்கே. முக்கியமாக, துணி துவைக்கும் அறையில் இயந்திரம் காலியாக இருக்கும். கப்பலில் நான் தீர்த்துவைத்த சண்டைகளில் பாதி அந்த அறையில் நடந்தவை.

படகில் ஏற்றிக் கரைசேர்க்கும் இடங்களுக்கு வெளியாளிடம் முன்கூட்டியே சுற்றுலாப் பணம் கட்டாதீர்கள். ஈஸ்டர் தீவில் பெரிய கப்பல் கட்டத் துறை கிடையாது. அலை கொஞ்சம் உயர்ந்தாலும் கேப்டன் படகுகளை இறக்கமாட்டார். அந்தத் தீவின் மோவாய் (Moai) எனப்படும் பெரிய கற்சிலைகளை மேல்தளத்திலிருந்து தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு வரவேற்பு மேசையில் வரிசையில் நிற்பார்கள். அந்தப் பணம் எங்களிடம் வந்ததே இல்லை, எங்கிருந்து திருப்பித் தருவது?