படிப்பு இருந்தது, கேட்க ஆளில்லை: வளர்ச்சி பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏழை நாடுகள் ஏன் முன்னேறவில்லை என்று பேச்சு வந்தால் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். ‘எல்லோரையும் படிக்க வை, மற்றது தானாக வரும்’ என்பார் ஒருவர். ‘முதலில் சட்டத்தையும் நிர்வாகத்தையும் சரிசெய்’ என்பார் இன்னொருவர். இருவரும் சறுக்குகிற இடங்கள் உண்டு.

பள்ளியில் கழித்த ஆண்டுகளைக் கல்வி என்று எண்ணிவிடுவது பழைய தவறு. 2018இல் கிராமப்புற இந்தியாவில் பள்ளிச் சேர்க்கை 95 சதவீதத்துக்கும் மேல். ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது என்றது கிராமப் பிள்ளைகளின் கற்றலை அளக்கும் ஆசர் ஆய்வின் அந்த ஆண்டு அறிக்கை. வியட்நாமைப் பாருங்கள். பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பிசா தேர்வில், 2012இல் கணிதத்தில் அதற்கு 511 புள்ளிகள், அமெரிக்காவுக்கு 481. (பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள் என்பது நியாயமான ஆட்சேபம்தான்.) வருமானத்தில் இரண்டு நாடுகளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

சரி, நன்றாகவே படித்த நாடு என்றால்? இலங்கையில் 1940களிலிருந்தே இலவசக் கல்வி. எழுத்தறிவு 90 சதவீதத்தைத் தாண்டியது. 2021இல் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை வந்தபோது, விளைச்சல் விழும் என்று வேளாண் விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். யார் கேட்டார்கள்? 2019 கடைசியில் வாட் வரியை (மதிப்புக் கூட்டு வரி) 15 சதவீதத்திலிருந்து 8க்கு இறக்கியதும் இப்படித்தான். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அங்கே அறிவுக்குப் பஞ்சமில்லை. அதிகாரத்தில் இருப்பவரிடம் ‘கூடாது’ என்று சொல்லி நிறுத்தும் அமைப்புதான் இல்லை.

ஆப்பிரிக்காவின் தெற்கில் இருக்கும் போட்ஸ்வானா நேர் எதிர். 1966இல் விடுதலை பெற்றபோது அங்கே 22 பட்டதாரிகள், 12 கிலோமீட்டர் தார்ச்சாலை என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மறுவருடம் ஒராபாவில் வைரம் கிடைத்தது. அது அதிபர் செரெட்சே காமாவின் சொந்த இனக்குழுவின் நிலம். ஆனால் கனிம உரிமையை இனக்குழுக்களிடமிருந்து அரசுக்கு மாற்றியது 1967இல் வந்த சட்டம். அதாவது ஆள்பவரின் சொந்த சனமே விட்டுக்கொடுத்தது. படித்தவர்கள் தேறும்வரை வெளிநாட்டு அதிகாரிகளை வைத்தே நிர்வாகத்தை ஓட்டினார்கள். வைரப் பணம் பள்ளிக்கும் சாலைக்கும் போனது. அதற்காகப் போட்ஸ்வானாவைக் கோயில் கட்டிக் கும்பிடவும் வேண்டாம்: ஏற்றத்தாழ்வு இன்றும் மிக அதிகம், வைரத்தை விட்டால் வேறு பெரிய பிழைப்பும் வளரவில்லை.

நல்ல அமைப்பு என்றாலே மேலை நாட்டுச் சட்டப் புத்தகம் என்று நினைப்பது இன்னொரு தவறு. சீனாவின் அரசியலமைப்பில் தனியார் சொத்துக்குப் பாதுகாப்பு எழுதப்பட்டதே 2004இல்தான். அதற்கு முன்பே கால் நூற்றாண்டு காலம் அந்த நாடு அசுர வேகத்தில் வளர்ந்திருந்தது. 1978இல் சியாவ்காங் கிராமத்து விவசாயிகள் கூட்டுப் பண்ணை நிலத்தை ரகசியமாகப் பிரித்துக்கொண்டார்கள். அரசுக்கு ஒப்படைக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, மீதி விளைச்சல் அவரவர்க்கு. இந்த ஏற்பாட்டைப் பிறகு அரசே நாடு முழுக்கப் பரப்பியது. சட்டம் பேசாத இடத்தில், விளைந்தது தன் வீட்டுக்கு வரும் என்ற நம்பிக்கையே வேலை செய்தது.