மக்காச்சோள விதையை எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுத் தோட்டத்தில் மக்காச்சோளம் போடுகிறவர்கள் பெரும்பாலும் கீரை விதைத்துப் பழகிய கையோடு வருகிறார்கள். அந்தக் கை இந்த விதையையும் அரை அங்குலத்தில் வைத்து, மேலே ஒரு பிடி மண்ணைத் தூவிவிட்டு நகர்ந்துவிடும். கேட்டால், "ஆழமாகப் போட்டால் அழுகிவிடுமே" என்பார்கள்.

மேலாக ஊன்றுவதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். மக்காச்சோளத்தில் விதைக்கும் குருத்துக்கும் நடுவே ஒரு சிறு தண்டு உண்டு. விதை ஓரளவு ஆழத்தில் கிடந்தால் இந்தத் தண்டு நீண்டு, நிரந்தர வேர்கள் கிளம்பும் கணுவை மண்மட்டத்துக்கு முக்கால் அங்குலம் கீழே கொண்டுவந்து நிறுத்தும். ஆழத்தில் கிடக்கும் விதை ஏறி வந்துவிடும். மேலே கிடப்பதோ கீழே இறங்க முடியாது. அதன் வேர்கள் வெயிலில் காயும் மேல்மண்ணிலேயே தடுமாறும். செடி ஆளுயரம் வந்தபின் ஒரு காற்றுக்கே சாயும். அதற்கு முன்பே அணிலும் மைனாவும் கிளறிக்கொண்டு போவது தனிக்கதை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் ஆழம் 4 செ.மீ. ஆட்காட்டி விரலில் ஏறக்குறைய ஒன்றரைக் கணு. இறுகும் களிமண் என்றால் 3 போதும், மணற்பாங்கு என்றால் 5 வரை போகலாம். சென்டிமீட்டரை அங்குலமாக எடுத்துக்கொண்டு 4 அங்குலக் குழி தோண்டிவிடாதீர்கள். அவ்வளவு ஆழத்தில் முளை வெளிச்சத்தை எட்டுமுன் மண்ணுக்குள்ளேயே இலை விரிந்து மடங்கிப்போகலாம்.

ஸ்வீட் கார்ன் விதை சுருங்கிப்போய் இருக்கும். மாவுச்சத்து குறைவு, தள்ளும் பலமும் குறைவு. அதற்கு 2.5 முதல் 3 செ.மீ. போதும்.

க்ரோ பேக்கில் வேறொரு வம்பு. தென்னை நார்க்கழிவு கலந்த மண் நாலு தடவை தண்ணீர் ஊற்றியதும் அமுங்கும். நாம் அளந்து வைத்த ஆழம் மாறிவிடும். பையை நிரப்பி, நன்றாக நனைத்து, இரண்டு நாள் விட்டு, அப்புறம் ஊன்றுங்கள். பைப்பைத் திறந்துவிட்டால் விதை மேலே வந்துவிடும், பூவாளிதான் சரி.

மூன்றாம் நாளே தோண்டிப் பார்ப்பவர்களும் உண்டு. நம் வெப்பத்தில் முளை தெரிய 5 முதல் 7 நாள் ஆகும்.

ஏற்கெனவே மேலாக ஊன்றிவிட்டீர்களா? பிடுங்க வேண்டாம். செடி முழங்கால் உயரம் வந்ததும் தூரைச் சுற்றி மண் அணைத்துவிடுங்கள். மேல் கணுக்களிலிருந்து வரும் வேர்கள் அந்த மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.