டான்சில் எடுத்த ஐந்தாம் நாள் ஊருக்குப் பஸ் ஏறாதீர்கள்

போன மாதம் எங்கள் வார்டில் ஒரு தம்பிக்கு டான்சில் எடுத்தார்கள். வயது 26. ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே பெங்களூரில், மாரத்தஹள்ளியில் ஒரு பிஜி விடுதியில் தங்கி வேலை பார்க்கிறார். திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. செவ்வாய் காலை அவரை அனுப்பும் முன் மாத்திரைச் சீட்டை விளக்கிக்கொண்டிருந்தேன். பேச முடியாமல் கைப்பேசியை நீட்டினார். மடிவாளாவிலிருந்து வெள்ளி இரவு புறப்படும் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருந்தார். அதன்பின் தட்டச்சு செய்து காட்டினார்: “அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தால் சீக்கிரம் தேறிவிடுவேன் சிஸ்டர். போன வருடம் என் அறை நண்பனும் இப்படித்தான் போனான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.”

அந்த நண்பரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவரிடமும் போக வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். கேட்கவில்லை. போனார், பத்திரமாகவும் போய்ச் சேர்ந்தார். அவர் தப்பித்த கதைதான் இப்போது இந்தத் தம்பிக்கு மருத்துவரின் சொல்லைவிடப் பெரிதாக இருக்கிறது.

காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் 17 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். என் 33 வயதில் எனக்கும் டான்சில் எடுத்தார்கள். வார்டில் தினமும் பிறருக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதியை அப்போது நான் கடைப்பிடிக்கவில்லை. அன்று நான் செய்த தவறுகளையே வருபவர்கள் வரிசையாகச் செய்வதைப் பார்க்கிறேன். புகை பிடிக்காதீர்கள், காரம் வேண்டாம், ஜிம்முக்குப் போகாதீர்கள் என்பதெல்லாம் மருத்துவமனை கொடுக்கும் தாளிலேயே இருக்கிறது. அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. அந்தத் தவறுகளைத்தான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வெள்ளைப் படலத்தைச் சீழ் என்று நினைப்பது

இரண்டாம் நாள் கண்ணாடி முன் வாயைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். டான்சில் இருந்த இடம் இரண்டும் வெள்ளையாக, சற்று மஞ்சள் பூத்து, நாற்றமும் அடிக்கும். உடனே படம் எடுத்து அனுப்பி, “சீழ் பிடித்துவிட்டது சிஸ்டர்” என்பார்கள். அது சீழ் இல்லை. முழங்காலில் சிராய்த்தால் பொருக்குக் கட்டுகிறதே, அதுதான் இது. வாய்க்குள் எப்போதும் ஈரம் இருப்பதால் பொருக்குக் கறுக்காமல் வெளுத்துக் கிடக்கிறது. சுரண்டாதீர்கள். பஞ்சை வைத்துத் துடைத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

நம் ஆட்கள் பலர் இதை ‘உள்நாக்கு ஆபரேஷன்’ என்றே சொல்கிறார்கள். உள்நாக்கு என்பது நடுவில் தொங்கும் சிறு சதை. அதை எடுப்பதில்லை. அதன் இரு பக்கமும் இருக்கும் சதைகளைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் முதல் சில நாட்கள் உள்நாக்கும் வீங்கி, தொண்டையில் ஏதோ சிக்கியிருப்பதுபோல் குமட்டும். தலையணையை உயர்த்திப் படுங்கள், ஐஸ் துண்டுகளைச் சப்புங்கள், வற்றிவிடும். மூச்சு விடவே சிரமமாக இருந்தால் மட்டும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே வாருங்கள்.

வலி வந்தபின் மாத்திரையைத் தேடுவது

“மாத்திரை சூடு, தாங்க முடியாவிட்டால் போட்டுக்கொள்ளலாம்” என்று வீட்டில் ஒரு பெரியவர் சொல்லாமல் இருக்கமாட்டார். இந்த அறுவை சிகிச்சையில் அந்தப் பேச்சு மிகவும் கெடுதல் செய்கிறது. வலித்தால் விழுங்கமாட்டீர்கள். விழுங்காவிட்டால் தொண்டை காயும். காய்ந்த தொண்டை இன்னும் வலிக்கும். அதன்பின் மாத்திரையையே விழுங்க முடியாது. எட்டாம் நாள் கண்கள் குழிவிழுந்து, நாக்கு வறண்டு, டிரிப்ஸ் ஏற்ற வருபவர்கள் எல்லாரும் இந்த வழியாக வந்தவர்கள்தான்.

மருத்துவர் எழுதிய வலி மாத்திரையை எழுதிய நேரத்துக்கு, வலி இல்லாவிட்டாலும் போடுங்கள். இரவு 2 மணிக்கு ஒரு வேளை விழுகிறது என்றால் அலாரம் வையுங்கள். விடியற்காலைதான் வலி உச்சத்தில் இருக்கும். இரவெல்லாம் வாய் திறந்து தூங்கித் தொண்டை காய்ந்திருக்கும், இரவில் போட்ட மாத்திரையின் வேலையும் முடிந்திருக்கும். மாத்திரை போட்டு அரைமணி நேரம் கழித்துச் சாப்பிட உட்காருங்கள். அதன்பின் வரும் ஒரு மணி நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் சாப்பாட்டு வேளை.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் எழுதிக் கொடுப்பது பாராசிட்டமால். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராம்தான் எல்லை. சளி, காய்ச்சலுக்குக் கடையில் கொடுக்கும் பல மாத்திரைகளிலும் அதே பாராசிட்டமால் கலந்திருக்கிறது. மருத்துவர் கொடுத்ததோடு அதையும் சேர்த்துப் போட்டால் கணக்கு எல்லை தாண்டிக் கல்லீரலைத் தாக்கும். ஆஸ்பிரின் பக்கம் போகவே வேண்டாம். அது ரத்தம் உறைவதைத் தடுக்கும்.

ஐந்தாம், ஆறாம் நாள் ஊருக்குக் கிளம்புவது

எல்லாருக்கும் ஒரே கணக்கு. திங்கள் அறுவை சிகிச்சை, ஒரு வார விடுப்பு. புதன், வியாழனில் வலி சற்றுக் குறைந்ததுபோல் தெரியும். வெள்ளி இரவு பஸ், சனி காலை அம்மா வீடு. வலி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும் என்ற நினைப்பில் போடும் கணக்கு இது. பெரியவர்களுக்கு இந்தக் காயம் அப்படி ஆறுவதில்லை. நான்காம் நாள் சற்று இதமாக இருந்து, ஐந்தாம் நாளுக்குமேல் மறுபடி ஏறும். அந்த வெள்ளைப் பொருக்கு உதிரத் தொடங்கும் காலம் அது. ஓரங்களிலிருந்து புதுத் தோல் வளர வளர, பொருக்குத் துண்டு துண்டாகக் கழன்று வரும். அது கழலும் இடத்தில் சின்ன ரத்தக் குழாய் திறந்துகொண்டால் ரத்தம் கசியும், சிலருக்குப் பீறிடும். அறுவை சிகிச்சை முடிந்த 24 மணி நேரத்துக்குப் பின் வரும் ரத்தக்கசிவு பெரும்பாலும் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள்தான் வருகிறது. குழந்தைகளைவிடப் பெரியவர்களுக்கு இது அதிகம். பெரும்பாலோருக்கு வராது என்பதும் உண்மை. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல எந்தப் பரிசோதனையும் இல்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன். தங்கைக்கு மதுரையில் வளைகாப்பு, ஞாயிற்றுக்கிழமை. எனக்குத் திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. பெங்களூர் அல்சூரில் என் வீட்டிலேயே இருந்திருக்கலாம். அக்கா வரவில்லை என்றால் தங்கை வருத்தப்படுவாளே என்று சனி இரவு பஸ் ஏறினேன்.

இரவுப் பஸ்ஸில் தொண்டைக்கு என்ன நடக்கிறது என்று கேளுங்கள். வழியில் எங்கே நிறுத்துவார்களோ, அந்தக் கழிப்பறை எப்படி இருக்குமோ என்று மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். பெண்கள் எல்லாரும் செய்வதுதான். ஏசி காற்று முகத்துக்கு நேராக வீசியது. மூக்கடைப்பில் வாய் திறந்தபடியே தூங்கினேன். 10 மணிக்குப் போட வேண்டிய மாத்திரை, பஸ்ஸின் அடிப்பெட்டியில் போட்ட பையில் கிடந்தது. ஐந்து நாட்கள் பொத்திப் பொத்திப் பாதுகாத்த தொண்டையை ஒரே இரவில் காயப்போட்டேன்.

தர்மபுரி தாண்டியபோது விழிப்பு வந்தது. வாயில் உப்புக் கரித்தது. எச்சில் என்று நினைத்து இரண்டு முறை விழுங்கினேன். மூன்றாம் முறை சற்றுக் கெட்டியாக வரவே ஒரு பையில் துப்பி, கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். அப்பட்டமான சிவப்பு. முன்னால் ஓடிப்போய் ஓட்டுநரிடம் பையைக் காட்டினேன்; பேச்சு வரவில்லை. அந்த மனிதர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தொப்பூர் மலைப்பாதை தொடங்கும் முன் சுங்கச்சாவடியில் நிறுத்தி, 108க்கு அவரே பேசினார். ஆம்புலன்ஸ் என்னை வந்த வழியே தர்மபுரிக்குத் திருப்பிக் கொண்டுபோனது. முதல் உப்புச் சுவை தெரிந்ததிலிருந்து ஒரு மருத்துவர் என் வாய்க்குள் விளக்கடித்துப் பார்க்கும் வரை ஒரு மணி 10 நிமிடம். அல்சூர் வீட்டிலிருந்து என் மருத்துவமனைக்கு அந்த நேரத்தில் ஆட்டோவில் போனால் 15 நிமிடம் ஆகியிருக்காது.

அங்கே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய், மறுபடி மயக்கம் கொடுத்து, ரத்தக் குழாயைச் சுட்டு அடைத்தார்கள். விழுங்கிய ரத்தம் வயிற்றில் நிறைந்திருக்கும்போது மயக்கம் கொடுப்பது ஆபத்தானது. வாந்தி நுரையீரலுக்குள் போய்விடலாம். அந்த மேசையில் படுத்திருந்தபோது அது எனக்குத் தெரிந்திருந்தது. வளைகாப்பு அன்று தங்கை கை நிறைய வளையலோடு என் கட்டிலுக்கு அருகில் வந்து அழுதுகொண்டிருந்தாள். அவளை அந்த நிலையில் மதுரையிலிருந்து தர்மபுரி வரை கார் பயணம் செய்ய வைத்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே எனக்குக் கோபம் வருகிறது. “ஏசி இல்லாத பஸ்ஸில் போகட்டுமா?”, “ரயிலில் போகட்டுமா?”, “காரில் நண்பன் ஓட்டுவான்” என்று கேட்கிறார்கள். வண்டி எது என்பது பெரிதில்லை. இரவு 2 மணிக்கு ரத்தம் வந்தால், தொண்டை மருத்துவரும் மயக்க மருத்துவரும் தியேட்டரும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். வெள்ளி இரவு மடிவாளாவிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி தாண்டவே ஒரு மணி நேரம் பிடிக்கும், அதற்குப்பின் நெடுஞ்சாலைதான்.

அம்மா கையால் சாப்பிட வேண்டுமா? அம்மாவை இங்கே வரச் சொல்லுங்கள். முடியாதென்றால் அறுவை சிகிச்சையையே ஊருக்கு அருகில் உள்ள நகரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டான்சில் பெரும்பாலும் நாள் குறித்துச் செய்வதுதானே. இரண்டும் இயலாது என்றால் 14 நாட்கள் இங்கேயே இருந்துவிட்டு, மருத்துவரிடம் காட்டியபின் கிளம்புங்கள். விடுப்பும் ஒரு வாரம் போதாது, இரண்டு வாரம் கேளுங்கள். மருத்துவர் சான்றிதழ் தருவார். நாள் முழுக்கப் பேசும் வேலையாக இருந்தால் அதையும் அவரிடம் சொல்லி எழுதி வாங்குங்கள்.

காதுக்குச் சொட்டு மருந்து விடுவது

காது வலித்தாலும் காதில் எதுவும் இல்லை. தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால் தொண்டை வலி காதில் தெரிகிறது.

உப்புத் தண்ணீரைக் கொப்பளிப்பது

மருத்துவர் சொல்லாமல் செய்யாதீர்கள். தொண்டையில் ‘கரகர’வென்று சுழற்றும் வேகத்தில் பொருக்குப் பெயர்ந்துவிடும்.

ஐஸ்கிரீமை மட்டும் நம்புவது

ஐஸ்கிரீம் இதமாக இருக்கும், ஆனால் அது சாப்பாடு ஆகாது, தண்ணீரும் ஆகாது. ஒரு நாளைக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் உள்ளே போக வேண்டும் என்று நான் சொல்வேன். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் போதவில்லை என்று அர்த்தம். இளநீர், புளிக்காத மோர், ஆறிய ராகிக் கஞ்சி, குழைத்த தயிர்சாதம், பாலில் ஊறிய இட்லி எல்லாம் இறங்கும். எலுமிச்சை, ஆரஞ்சு, தக்காளி மூன்றும் எரியும். சூடான மிளகு ரசம் தொண்டைக்கு நல்லது என்று யார் சொன்னாலும் இந்த இரண்டு வாரம் மட்டும் கேட்காதீர்கள். விழுங்க விழுங்கத்தான் தொண்டைத் தசைகள் இளகும். முதல் வாய்தான் கொடுமை, நான்காவது வாய்க்கு மேல் பழகிவிடும்.

ரத்தம் கண்டபின் விடியும்வரை காத்திருப்பது

எச்சிலில் ஒரு நூல்போல் சிவப்பு ஒருமுறை வந்து நின்றுவிட்டால்கூட மருத்துவமனைக்கு அழைத்துச் சொல்லுங்கள். சின்னக் கசிவு சில சமயம் பெரிய கசிவுக்கு முன்னோடியாக வருகிறது. புது ரத்தமாகத் துப்பிக்கொண்டே இருந்தால் அழைத்துக் கேட்கும் நேரமும் வேண்டாம், அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். மல்லாந்து படுக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை முன்னால் சாய்த்து, வருவதை ஒரு கிண்ணத்தில் துப்புங்கள். விழுங்கினால் எவ்வளவு போயிற்று என்று மருத்துவருக்குத் தெரியாது; குமட்டி வாந்தியும் வரும். தனியாகப் பைக் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் எண் 108 தான். தூக்கத்தில் அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருக்கிறார் என்றால் பக்கத்தில் படுத்திருப்பவர் எழுப்பி, வாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

தனியாகப் படுத்திருப்பது

பக்கத்தில் யாராவது ஒருவர், குறைந்தது பத்து நாட்களுக்கு. பிஜியில் எல்லாரும் காலையில் வேலைக்குப் போனால் மாலைவரை அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். உங்கள் குரலோ எழும்பாது.

அந்தத் தம்பியிடம் தர்மபுரிக் கதையை முழுதும் சொன்னேன். சற்று நேரம் டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் எதிரிலேயே ரத்து செய்தார். ஆண்கள் பிஜியில் அம்மா தங்க முடியாது என்பதால் ஸ்ரீராமபுரத்தில் அவர்களுடைய தூரத்து உறவினர் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. அம்மா மறுநாளே ரயிலில் வந்துவிட்டார். எட்டாம் நாள் அந்த அம்மா எனக்கு அழைத்தார். மகன் இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தானாம், நாக்கு செத்துக் கிடக்கிறது என்கிறானாம், ரசத்தில் இரண்டு மிளகு தட்டிப் போடட்டுமா என்று கேட்டார். இன்னும் ஆறு நாள் பொறுங்கள் அம்மா என்றேன்.